அந்த '95% ஃபெயில்' கணக்கு

"ஆன்லைன் கோர்ஸில் சேர்பவர்களில் 95% பேர் ஃபெயில், செய்தியிலேயே வந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண் சரிதான், 'ஃபெயில்' என்பதுதான் தப்பு. அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆன்லைன் கோர்ஸ்களைப் பற்றி 2014 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின் கணக்கு அது: 17 கோர்ஸ்கள், 8,41,687 பதிவுகள், 43,196 சான்றிதழ்கள், அதாவது சுமார் 5%. ஆனால் அந்தப் பதிவுகளில் 2,92,852 பேர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பரீட்சை ஹாலுக்கே வராதவரை ஃபெயில் என்பீர்களா? பாதிக்கு மேல் பார்த்தும் சான்றிதழ் வாங்காதவர்கள் வேறு சுமார் 36,000. அந்த கோர்ஸ்களில் பதிவு இலவசமாக இருந்தது, பாதியில் விட்டாலும் நஷ்டமில்லை. கல்லூரித் தேர்ச்சிக் கணக்கு இங்கே செல்லாது.

இன்னொன்று. 2012-ஐ 'மூக்' (MOOC, யாரும் சேரக்கூடிய பெரிய ஆன்லைன் கோர்ஸ்) ஆண்டு என்று நியூயார்க் டைம்ஸ் கொண்டாடியபோது காட்டியதும் இதே மாதிரிப் பதிவு எண்களைத்தான். அந்த எண்களும் எத்தனை பேர் படித்தார்கள் என்று சொல்லவில்லை.