லீவில் வந்தவரின் தாடியை விட்டுவிடுங்கள்

"இன்னா மாப்ள, மிலிட்டரிக்காரன் மாதிரியா இருக்கே? மூஞ்சிய வழிச்சிட்டு வா, பார்க்கச் சகிக்கல." என் வீட்டுக்காரர் லீவில் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் காபியைக் குடித்துக்கொண்டிருப்பவர். இத்தனை வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இந்தத் தடவை ஆறவில்லை, எழுதிவிடுகிறேன்.

அவர் ராணுவத்தில் ஹவில்தார். நாங்கள் வேலூர் பக்கம். எங்கள் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெருவைத் தேட வேண்டும். கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, பட்டாளத்துக்காரர் எப்படி இருக்க வேண்டும் என்று ஊரில் எல்லோரும் பாடம் எடுக்கிறார்கள். எப்படி நடக்க வேண்டும், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், தாடை எப்படிப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொல்வதற்கு வரிசையில் நிற்கிறார்கள். அந்த முகத்துக்குச் சொந்தக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தச் சவரம் அவருக்கு என்ன செய்கிறது என்று இவர்களில் ஒருத்தராவது கிட்ட வந்து பார்த்ததுண்டா? காலையில் எல்லோரும் வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னுக்கு முன்னால், விடிவதற்கு முன்னால், சவரம் முடிந்திருக்க வேண்டும். மலை மேல் போஸ்டிங் என்றால் தண்ணீர் கத்தி மாதிரி இருக்கும். ஒரு மக்கில் கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் சவரம் உண்டு. அவருக்குச் சுருட்டை முடி. ஒட்ட வழித்த முடி முனை கூராகி, வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு வளர்கிறது. தாடைக்குக் கீழே, தொண்டைக் குழி வரை சின்னச் சின்னக் கட்டிகள். சில கட்டிகள் சீழ் கோர்த்திருக்கும். மறுநாள் காலை அதே கட்டிகள் மேலேயே மறுபடி பிளேடு ஓடும். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் தலையணை உறையைத் துவைக்கப் போட்டால் கழுத்து படும் இடத்தில் பொட்டுப் பொட்டாக ரத்தக் கறை. அந்த உறைகளைத் துவைப்பவள் நான். தோல் மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: களிம்பெல்லாம் அப்புறம், முதல் வைத்தியம் சில வாரம் சவரத்தை நிறுத்துவதுதான். அந்தச் சில வாரம் அவருக்கு எங்கே கிடைக்கும்? லீவில் மட்டும்தான் கிடைக்கும். அதையும் பிடுங்கத்தான் திண்ணையில் ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

கட்டி இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். தாடி வைத்துக்கொள்ள அவருக்கு மருத்துவச் சீட்டு எதற்கு? ஆசையாக இருக்கிறது, வைத்துக்கொள்கிறார். அவ்வளவு போதாதா? வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு, அதுவும் நிலைமை ஒத்துழைத்தால். மீதி நாளெல்லாம் எப்போது எழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எதை உடுத்த வேண்டும், தலைமுடி எத்தனை நீளம் இருக்க வேண்டும் என்பதை வேறு ஆட்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதை அவர் ஒப்புக்கொண்டு போனவர், அதற்காக ஒரு நாளும் முனகியதில்லை. வீட்டுக்கு வந்தபின் அவர் தானாக முடிவெடுக்கும் சில விஷயங்களில் இந்த முகமும் ஒன்று. முதல் நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, தாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, ரேசரை எடுக்காமல் டீ குடிக்கப் போவார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் இருக்கும் நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன். அதில் கை வைக்கிறவர்கள் மேல்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அதிலும் என் மாமியார் வழிச் சொந்தத்தில் ஒருத்தர் இருக்கிறார். என் வீட்டுக்காரர் லீவில் வந்திருப்பது எங்களுக்கு முன்னால் இவருக்குத் தெரிந்துவிடும், கேன்டீன் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க வந்துவிடுவார். பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டே, "தாடியெல்லாம் வேணாம்பா, யூனிஃபார்முக்கு ஒரு மரியாதை வேணும்ல" என்கிறார். எந்த யூனிஃபார்ம்? என் வீட்டுக்காரர் கைலி கட்டிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்! சீருடை பெட்டிக்குள் மடித்துக் கிடக்கிறது. சீருடை போட்ட அன்றைக்கு அவர் தாடியோடு நின்றதாக யாராவது காட்டட்டும்.

பெண்கள் பக்கம் வேறு கதை. "ஏம்மா, வீட்ல எதாவது பிரச்னையா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். "வேலைய விட்டுட்டு வந்துட்டாரா?" "கடன் கிடன் ஆயிடுச்சா?" நம் ஊரில் தாடி வைத்தால் மனசு உடைந்தவன், இல்லை காசு இழந்தவன். ஒரு வங்கியில் கவுன்டரில் இருந்தவர் அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "இது நீங்கதானா சார்?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டார். கையெழுத்து சரியாக இருக்கிறது, விரல் ரேகை சரியாக இருக்கிறது, இருந்தும் தாடியைப் பார்த்துச் சந்தேகம்.

ஆனால் இதே ஆள் கார்த்திகை மாதம் லீவு கிடைத்து சபரிமலைக்கு மாலை போட்டால் என்ன நடக்கிறது தெரியுமா? அதே தாடி, அதே முகம். "சாமி, வாங்க சாமி" என்று கும்பிடுகிறார்கள். ஒரு மண்டலம் முழுக்க ஒருத்தர்கூட "மிலிட்டரிக்காரன் மாதிரி இல்லையே" என்று கேட்டதில்லை. நான் பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது அவர் லீவில் வந்தார். மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் முடி வெட்டக்கூடாது, சவரம் செய்யக்கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அப்போது ரேசரை ஒளித்து வைத்ததே என் மாமியார்தான்! ஆக, சாமிக்காக வளர்த்தால் சரி, சம்பிரதாயத்துக்காக வளர்த்தால் சரி, ஊர் சொல்லி வளர்த்தால் எல்லாம் சரி. அந்த மனுஷன் தனக்காக வளர்த்தால் மட்டும் ராணுவத்தின் மானம் போய்விடுகிறது. இது என்ன நியாயம்?

எனக்கு மரியாதை உள்ள ஒருத்தரும் இதையே சொல்கிறார் என்பதால் அவருக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருத்தர் இருக்கிறார். இன்றைக்கும் தினம் சவரம் செய்துகொண்டுதான் வெளியே வருவார். "பட்டாளத்துக்காரன் எங்க இருந்தாலும் பட்டாளத்துக்காரன்தான்மா. எந்த நேரமும் கூப்பிடுவாங்க. தயாரா இருக்கணும்" என்பது அவர் பேச்சு. சரி ஐயா, தயாராக இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் நேரத்தில் லீவில் இருந்த எத்தனையோ பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கும் போன் வந்தது. போனை வைத்தவர் நேராகக் கிணற்றடிக்குப் போனார். பக்கெட் மேல் சின்னக் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வளர்ந்திருந்த தாடி முழுவதையும் கத்தரியால் நறுக்கி, அப்புறம் ரேசர் போட்டு வழித்தார். துண்டால் துடைத்துக்கொண்டு வரும்போது நான் இன்னும் பெட்டியையே திறந்திருக்கவில்லை. தாடியால் எந்த ரயிலும் தவறவில்லை, எந்தக் கடமையும் தவறவில்லை. தயாராக இருப்பது மனசிலும் உடம்பிலும் இருக்கிறது ஐயா. காலையில் அவர் ஏரிக்கரையில் ஓடுகிறாரே, அதை யாரும் பாராட்டக் காணோமே?

ஒழுங்கு போய்விடும் என்கிறார்கள். தாடிக்கும் ஒழுங்குக்கும் என்ன பகை? சீக்கிய வீரர்கள் தாடியோடுதான் இந்த ராணுவத்தில் இருக்கிறார்கள். 1962 சீனப் போரில் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்ரா வாங்கிய சுபேதார் ஜோகிந்தர் சிங் தாடி வைத்தவர். 2005-இல் தரைப்படைத் தளபதியான ஜெனரல் ஜே.ஜே. சிங் தாடி வைத்தவர். கடற்படையில் கட்டளை அதிகாரியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு தாடி வளர்க்கலாம். காஷ்மீரில் மக்களோடு கலந்து வேலை பார்க்கும் சிறப்புப் படை ஆட்களுக்குத் தாடி தேவையாகவே இருக்கிறது. இவர்களெல்லாம் ஒழுங்கில்லாதவர்களா?

விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணியில் எல்லோரும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதில் பொருள் இருக்கிறது. நச்சுவாயு முகமூடி போட்டால் தோலோடு ஒட்டி உட்கார வேண்டும், நடுவே முடி இருந்தால் காற்று கசியும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். விமானப்படையில் தாடி வைத்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் படையின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. படையில் பணியாற்றுபவர்களின் தோற்றம் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது அங்கே பேச்சு. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் எந்த முகமூடியும் இல்லை, எந்த அணிவகுப்பும் இல்லை. லீவில் வந்தவரைத் திண்ணையில் வைத்து விசாரிக்க உங்களுக்கு எந்த நீதிமன்றம் அதிகாரம் கொடுத்தது?

இந்த விஷயத்தில் வேலூர்க்காரர்கள் வாய் திறக்கவே கூடாது என்பேன். நம் கோட்டையில்தான் 1806 ஜூலை 10 நடந்தது. கிழக்கிந்தியக் கும்பினியின் மதராஸ் படைத் தளபதி ஜான் கிரடாக் காலத்தில் ஓர் உத்தரவு போட்டார்கள்: நெற்றியில் சாதி, மத அடையாளம் கூடாது, சீருடையில் கடுக்கன் கூடாது, தாடையை வழித்திருக்க வேண்டும், மீசை முடிந்தவரை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதோடு தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை வேறு. சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்கள், கோட்டை ரத்தக்களறி ஆனது. அடுத்த வருஷமே கிரடாக்கையும் கவர்னர் பென்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். கவனியுங்கள், அந்தக் கும்பினிக்காரன்கூடத் தாடையை வழிக்கச் சொன்னது அணிவகுப்புகளிலும் பணிகளிலும் இருக்கும்போதுதான். நீங்கள் அவனையும் தாண்டிவிட்டீர்கள். அவன் விட்டுவைத்த இடத்தில், வீட்டில் இருக்கும் நேரத்தில், நீங்கள் போய் நிற்கிறீர்கள்.

அந்த வெள்ளைக்காரனே இன்று மாறிவிட்டான். 1916 வரை பிரிட்டிஷ் தரைப்படையில் மேலுதட்டை வழிக்கக் கூடாது, மீசை கட்டாயம் என்று விதி. முதல் உலகப் போர் நடுவில் அதை எடுத்தார்கள். 2024 மார்ச் கடைசியில் தாடிக்கும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒழுங்காக வெட்டி, திட்டுத் திட்டாக இல்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். நம் ராணுவமும் மாற வேண்டுமா என்பதை ராணுவம் முடிவு செய்யட்டும். நான் அந்த வழக்குக்கு வரவில்லை. என் வழக்கு ஊரோடு.

2019-இல் விமானப்படை அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டுத் திரும்பி வந்தபோது இந்த ஊர் சலூனில் பையன்கள் வரிசையில் நின்று அதே மீசை வைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முகத்தில் இருந்த முடி வீரம். என் வீட்டுக்காரர் கன்னத்தில் இருக்கும் முடி மட்டும் அவமானம். உங்களுக்குப் பிடித்த இடத்தில், பிடித்த அளவில் வளர்ந்தால் கைதட்டுவீர்கள், இல்லாவிட்டால் கத்தரியோடு வந்துவிடுவீர்கள். பட்டாளத்துக்காரர் உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டும் படம் இல்லை. முதுகுவலி உண்டு, தூக்கம் கெட்ட ராத்திரிகள் உண்டு, மகள் வளர்வதைப் பாதி போனில் பார்த்த ஏக்கம் உண்டு. இதில் எதைப் பற்றியாவது ஒருத்தராவது கேட்டிருந்தால், அப்புறம் தாடியைப் பற்றிப் பேசுவதையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். "எப்படிப்பா இருக்கே, சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?" என்று கேட்கத்தான் ஆளைக் காணோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகை எல்லோருக்கும் கொடுத்தாகிவிட்டது. போட்டோவுக்காகவாவது வழித்துக்கொள்ளட்டும் என்று இப்போதே தூது வர ஆரம்பித்திருக்கிறது. வழிக்க மாட்டார். கழுத்துக் கட்டிகள் இப்போதுதான் அடங்கி, தோல் பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. தாடியோடுதான் மனையில் உட்காருவார், தாடியோடுதான் படத்தில் இருப்பார். பார்க்கச் சகிக்காதவர்கள் மொய்யைக் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போகலாம். யாராவது வாய் திறந்தால் பதில் சொல்ல அவரை விடமாட்டேன். நான் வாசலிலேயே நிற்பேன், என்னிடம் கேளுங்கள்.