விமானியின் அஸ்திக்கு இடமில்லையாம்

எலேன் ஹார்மன் 2015 ஏப்ரலில் 95 வயதில் இறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக விமானம் ஓட்டியவர். அமெரிக்கப் படையினரை மரியாதையோடு அடக்கம் செய்யும் அர்லிங்டன் தேசியக் கல்லறையில் தன் அஸ்தியைச் சேர்க்க வேண்டும் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார். ராணுவம் முடியாது என்றுவிட்டது. அஸ்தி ஓராண்டுக்கு மேல் மகள் வீட்டு அலமாரியில் இருந்தது.

இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டால் "அந்தக் காலத்துல அப்படித்தான்" என்று நாம் சுலபமாகத் தள்ளிவிடுவோம். எந்தக் காலம்? 2015, ஐயா. எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருந்த காலம்.

ஹார்மன் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் படித்தவர். அங்கே விமானப் பயிற்சிக்குக் கட்டணம் 40 டாலர், கூடவே பெற்றோரின் கையெழுத்து. அம்மா சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். படிவத்தை வீட்டுக்கு அனுப்பாமல் அப்பாவின் அலுவலகத்துக்கு அனுப்பினார். கையெழுத்து வந்துவிட்டது. எனக்கு இந்த அம்மையாரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

அப்புறம் டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் ராணுவப் பயிற்சி. 'வாஸ்ப்' என்ற அந்தப் பெண் விமானிகள் படைக்கு 25,000 பேர் விண்ணப்பித்தார்கள், தேறியவர்கள் 1,074 பேர். லாஸ் வேகாஸில் ஹார்மனுக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள். ஆண் விமானி வெளியே எதுவும் தெரியாதபடி திரை போட்டுக்கொண்டு கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகுவார். இன்னொரு இருக்கையில் இவர். எதிரே வேறு விமானம் வருகிறதா, தரை நெருங்குகிறதா என்று கவனிக்க வேண்டியது இவர் பொறுப்பு. அதாவது ராணுவத்தின் ஆண் விமானி கண்ணை மூடிக்கொண்டு பறக்க, அவர் உயிர் ராணுவத்தில் இல்லாத ஒரு பெண்ணின் கையில்!

ஆமாம், ராணுவத்தில் இல்லாத பெண்தான். அதுதான் சங்கதியே. சீருடை, கட்டளை, ஆபத்து எல்லாம் உண்டு. காகிதத்தில் மட்டும் சிவிலியன். பணியில் 38 பேர் இறந்தார்கள். உடலை ஊருக்கு அனுப்பக்கூட ராணுவம் செலவு செய்யாது, தோழிகள் காசு வசூலித்து அனுப்புவார்கள். சவப்பெட்டி மேல் கொடி கிடையாது. இவர்களை முறைப்படி ராணுவத்தில் சேர்க்க வந்த மசோதா 1944 ஜூனில் 188க்கு 169 என்று தோற்றது. வேலை பறிபோகும் என்று பயந்த ஆண் விமானிகள் எதிர்த்து மும்முரமாகப் பிரசாரம் செய்திருந்தார்கள். டிசம்பரில் படையே கலைக்கப்பட்டது.

1977இல்தான் முன்னாள் படையினர் என்ற தகுதியைச் சட்டம் கொடுத்தது. 2010இல் நாடாளுமன்றத் தங்கப் பதக்கம். சரி, முடிந்தது என்றுதானே நினைப்போம்? அங்கேதான் ஓட்டை. முன்னாள் படையினர் துறையின் சலுகைகள் இவர்களுக்கு உண்டு. ஆனால் அர்லிங்டன் அந்தத் துறையிடம் இல்லை, ராணுவத்திடம் இருக்கிறது. 2002 முதல் அனுமதித்துவந்த ராணுவம், இடப் பற்றாக்குறையைச் சொல்லி 2015 மார்ச்சில் கதவைச் சாத்தியது. அடுத்த மாதம் ஹார்மன் இறந்தார்.

என் கருத்து இதுதான்: பதக்கத்துக்கு அரசு ஒரு நாள் கைதட்டினால் போதும். ஆறடி இடத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். அதனால்தான் முதலாவது சிரித்த முகத்தோடு வருகிறது, இரண்டாவதைக் கேட்டால் விதிப்புத்தகத்தைத் தூக்குகிறார்கள்.

குடும்பம் விடவில்லை. பேத்திகளில் ஒருவர் வழக்கறிஞர். இணையத்தில் தொடங்கிய மனுவில் 1,75,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தவர் மார்த்தா மெக்சாலி, தானே போர் விமானம் ஓட்டியவர். கட்சி வேறுபாடு பார்க்காமல் ஆதரவு கிடைத்தது. 2016 மே மாதம் ஒபாமா கையெழுத்திட்டார். செப்டம்பர் 7 அன்று ராணுவ மரியாதையோடு ஹார்மனின் அஸ்தி அர்லிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதிலும் ஒரு கணக்கு உண்டு, கவனித்தீர்களா? அந்தச் சட்டம் அனுமதிப்பது தகனம் செய்த அஸ்தியை மட்டும்தான். சவப்பெட்டியோடு மண்ணில் புதைக்க விரும்பிய வாஸ்ப் விமானிக்கு அது எதுவும் தரவில்லை.