சகரியா வீட்டில் சத்தமில்லை

டிசம்பர் வந்தால் பிரசங்கங்களில் அடிவாங்குவது எப்போதும் கடைகள்தான். வியாபாரம் கிறிஸ்துமஸைக் கெடுத்துவிட்டது, விளம்பரங்கள் இயேசுவை மறைத்துவிட்டன என்பார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் என்னைக் கேட்டால், சபைக்கு ஒழுங்காகப் போகிறவர்களின் நிம்மதியை அந்த மாதத்தில் அதிகம் தின்பது சபையின் நிகழ்ச்சி நிரல்தான். பாடற்குழு பயிற்சி, ஞாயிறு பள்ளி நாடகம், வாலிபர் கூடுகை, அலங்காரக் குழு, விருந்துக் குழு, ஒவ்வொன்றுக்கும் தனி வாட்ஸ்அப் குழு. எல்லாம் நல்ல காரியங்கள். அதனால்தான் எதையும் வேண்டாம் என்று சொல்ல வாய் வருவதில்லை.

ஆராதனையில் கிறிஸ்துமஸ் வேதபாடம் வாசிக்கும் நேரத்தில் பாடற்குழு பக்கம் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். “இதோ, எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தியை உங்களுக்கு அறிவிக்கிறேன்” என்று வாசிப்பவர் உருகி வாசித்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் ஒருவர் அடுத்த பாட்டின் தாளைத் தேடிப் புரட்டுவார். ஒருவர் ஆர்கன் வாசிப்பவருக்குச் சைகை காட்டுவார். இன்னொருவர் போனை மடியில் மறைத்துவைத்து, மேய்ப்பன் வேஷம் போடவேண்டிய பையன் வந்துவிட்டானா என்று கேட்டுக்கொண்டிருப்பார். சந்தோஷச் செய்தியைப் பாடப்போகிறவர்கள் காதில்தான் அது விழவில்லை. நானும் அந்த வரிசையில் உட்காருகிறவன். உரிமையோடுதான் சொல்கிறேன்.

இதற்கு மருந்து என்று வழக்கமாக மார்த்தாள் கதையை எடுப்பார்கள். வீட்டுக்கு வந்த இயேசுவின் பாதத்தருகே சகோதரி மரியாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, வேலையில் ஓடிக்கொண்டிருந்த மார்த்தாளிடம் அவர் சொன்னது: “நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்.” சரி. ஆனால் அந்தப் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் விருந்தினருக்குச் சமைப்பது யார்? பிரசங்கம் செய்தவரா? பண்டிகை நாளில் ஒருவர் அமைதியாக வேதம் வாசித்துக்கொண்டிருக்க, இன்னொருவர் பின்கட்டில் பாத்திரத்தோடு போராடிக்கொண்டிருந்தால், அந்த அமைதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. மரியாளைப் போல உட்கார விரும்புகிறவர்கள் முதலில் எழுந்து பாத்திரங்களைக் கழுவி வைக்கட்டும். அப்புறம் எல்லாருமே சேர்ந்து உட்காரலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு உதவியது வேறொரு வீடு. லூக்கா சுவிசேஷத்தில் நாம் நேராக இரண்டாம் அதிகாரத்துக்கு, முன்னணைக்கும் மேய்ப்பர்களுக்கும் போய்விடுகிறோம். முதல் அதிகாரத்தின் கதை சகரியா என்ற வயதான ஆசாரியனோடு தொடங்குகிறது. தூபங்காட்ட ஆலயத்துக்குள் போகிறவர், உனக்கு ஒரு பிள்ளை பிறக்கும் என்று காபிரியேல் தூதன் சொன்னதை நம்பாமல் போகிறார். வெளியே வரும்போது பேச்சு இல்லை. வெளியே ஜனங்கள் காத்திருக்கிறார்கள், இவரோ சைகை காட்டிக்கொண்டு நிற்கிறார். அத்தனை பேர் முன்னால் நிற்கும் ஒரு மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்! பிறகு அவர் மனைவி எலிசபெத்து கர்ப்பமாகிறாள். ஐந்து மாதம் வெளியே தலைகாட்டாமல் இருக்கிறாள். இத்தனை வருஷம் ஏங்கிய விஷயம் நடந்திருக்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்லவேண்டிய நேரம். அந்த வீட்டிலோ ஒருவரால் பேச முடியாது, ஒருவர் வெளியே வருவதில்லை.

அந்த வீட்டுக்குத்தான் இயேசுவின் தாயாகப் போகிற மரியாள் வருகிறாள். உள்ளே வந்து வாழ்த்துகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. எலிசபெத்து சொல்கிறாள்: “இதோ, நீ வாழ்த்தின சத்தம் என் காதில் விழுந்தவுடனே, என் வயிற்றிலுள்ள பிள்ளை களிப்பாய்த் துள்ளிற்று.” லூக்கா எழுதிய கிறிஸ்துமஸ் கதையில் சந்தோஷம் வருமென்று தூதன் முன்பே சொல்லியிருந்தான், அது முதலில் துள்ளிக் குதிப்பது இங்கேதான். மேய்ப்பர்களுக்கும் தூதர் சேனைக்கும் பல மாதங்களுக்கு முன்னால், பேச்சடங்கிய ஒரு வீட்டின் நடுவில். அந்த வீடு இரைச்சலாக இருந்திருந்தாலும் தேவன் தம் காரியத்தைச் செய்திருப்பார், அதில் சந்தேகமில்லை. ஆனால் வந்தவள் சொன்ன ஒரு வாழ்த்தை அந்த வீடு முழுசாகக் கேட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் வீட்டு வாசலில் அதே வாழ்த்து வந்தால், “வாங்க வாங்க, உட்காருங்க, இதோ வந்துடறேன்” என்று உள்ளே ஓடியிருப்போம்.

இன்னொன்று. அந்த மௌனத்தைச் சகரியா தேடிப் போகவில்லை. அது அவருக்குத் தண்டனை போலத்தான் வந்தது. ஆனால் அதற்குள் என்னவோ நடந்திருக்கிறது. பிள்ளை பிறந்து பேர் வைக்கும் நாளில் எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி “இவன் பேர் யோவான்” என்று எழுதுகிறார். உடனே வாய் திறக்கிறது. இத்தனை நாள் அடக்கிவைத்த மனிதர் முதலில் என்ன பேசுவார் என்று எதிர்பார்ப்போம்? தேவனைத் துதிக்கிறார்.

நமக்கும் பண்டிகைக் காலத்தில் கேட்காமலே சில மௌனங்கள் வந்து சேரும். காய்ச்சலில் படுத்துவிடுவோம். போகவேண்டிய கூட்டம் ரத்தாகும். வண்டி வராமல் அரைமணி நேரம் நிற்போம். அதையெல்லாம் வீணாய்ப்போன நேரம் என்று எரிச்சலோடு கணக்கு வைத்து, உடனே கை போனுக்குப் போகிறது. எடுக்காமல் அப்படியே நின்று பாருங்கள். முதல் சில நிமிஷம் சங்கடமாகத்தான் இருக்கும், மனசு பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும். போடட்டும். பட்டியல் தீர்ந்தபின் ஜெபம் தானாக வரும்.

வீட்டில் ஒருவரை இழந்த பிறகு வரும் முதல் பண்டிகையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரித்த முகத்தோடு இருந்தே ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்று பவுல் எழுதியது சிறையில் கட்டுண்டிருந்த நேரத்தில். கண்ணீரோடும் இருக்கக்கூடிய சந்தோஷம் அது. அவர்களிடம் போய் “சந்தோஷமா இருங்க” என்று சொல்லாமல் பக்கத்தில் சும்மா உட்காருகிறவர்கள் பாக்கியவான்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு ஞாயிறுகளைத் திருச்சபை காத்திருக்கும் காலமாகத்தான் வைத்திருக்கிறது. கிழக்குத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாள் நோன்பு உண்டு. நாம் பலிபீடத்தருகே வைக்கிற நான்கு மெழுகுவர்த்தி வளையத்துக்கும் இதே கதைதான். 1839-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற இறையியலாளர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்து, தினம் ஒன்றாக ஏற்றினாராம். ஞாயிறுகளுக்குப் பெரியது, மற்ற நாட்களுக்குச் சின்னது. பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுத்த சாமான் அது. இப்போது அலங்காரக் குழுவின் வேலைகளில் அதுவும் ஒன்று.

நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸ் காலம் 25-ஆம் தேதி முடிகிற காலம் கிடையாது, அன்றைக்குத் தொடங்குகிற காலம். ஞானிகளின் வருகையை நினைக்கும் ஜனவரி 6 வரைக்கும் நடுவில் 12 நாட்கள் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவதையும் பரிசு கொடுப்பதையும் அந்த நாட்களுக்குத் தள்ளிவிட்டோம். முதலில் சிலருக்கு வருத்தம், “எங்களை மறந்துட்டீங்களா” என்று கேட்டார்கள். நிதானமாகப் போய், கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து பேசிவிட்டு வந்ததும் அந்த வருத்தம் போய்விட்டது. இப்போது அவர்களே எந்தத் தேதிக்கு வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். சபையிலும் ஒரு கூடுகையையாவது அந்த வாரத்துக்குத் தள்ளலாம் என்று அடுத்த குழுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். நாடகத்தில் கைவைக்க விடமாட்டார்கள், அது தெரியும். விருந்தையாவது கேட்டுப் பார்க்கிறேன்.