போன் வாங்கும்போது அந்த ஒரு தேதியைக் கேளுங்கள்

போன வாரம் சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு போன் கடையில் முக்கால் மணி நேரம் நின்றேன். கேமரா எத்தனை மெகாபிக்சல், சார்ஜ் எவ்வளவு சீக்கிரம் ஏறும், பழைய போனுக்கு எவ்வளவு கழிப்பார்கள், எல்லாவற்றையும் அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னான். "இதுக்கு எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் வரும் தம்பி?" என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. "அதெல்லாம் வரும்க்கா" என்றான். அவன் மேல் தப்பில்லை. இதுவரை யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லையாம். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை. டிசைன் போட்டோ அனுப்புவது, எடையும் டச்சும் (வெள்ளியின் சுத்தம்) பேசி முடிப்பது, பணம் ஏறியதா என்று பார்ப்பது எல்லாமே என் போனில்தான். 2018இல் வாங்கிய ஆண்ட்ராய்டு போன். திரையில் ஒரு கீறல் கிடையாது. பேட்டரி ஒரு தடவை மாற்றினேன், அவ்வளவுதான் செலவு. போன மாதம் ஒரு காலையில் வங்கி ஆப்பைத் திறந்தால், இந்தப் பதிப்பில் இனி இயங்காது என்று வந்தது. வெள்ளி வாங்கியதற்குப் பணம் அனுப்ப வேண்டிய நாள் அது. வீட்டுக்காரர் போனிலிருந்து அனுப்பிச் சமாளித்தோம். ஆனால் அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை. நன்றாக ஓடுகிற பொருள், ஒரே நாளில் எப்படி உதவாமல் போகும்?

பல போன்களில் செட்டிங்ஸில் கடைசியாக 'போனைப் பற்றி' என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்பு அப்டேட் என்று ஒரு தேதி தெரியும். என் போனில் அது 2020 நவம்பர். அதாவது வாங்கிய இரண்டே வருடத்தில் அந்த போனைக் கவனிப்பதை அதைச் செய்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை வருடம் அதே போனில் பட்டறைப் பணத்தை அனுப்பியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது.

பதிப்பு அப்டேட் வேறு, பாதுகாப்பு அப்டேட் வேறு. முதலாவதில் புது வசதிகள் வரும். அது இல்லாமலும் காலம் தள்ளலாம். இரண்டாவது, திருடன் நுழையக்கூடிய ஓட்டையை அடைப்பது. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்று ஒரு ஓட்டை வெளியே தெரியவந்தது. ஒரு எம்எம்எஸ் செய்தி வந்தாலே போனுக்குள் நுழைந்துவிட முடியும் என்ற நிலை. அந்த ஆகஸ்ட் முதல்தான் ஆண்ட்ராய்டைச் செய்கிற கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. ஆனால் கூகுள் திருத்தம் கொடுத்துவிட்டால் அது நேராக நம் கைக்கு வந்துவிடாது. சிப் செய்கிற கம்பெனி, அப்புறம் போன் செய்கிற கம்பெனி, இரண்டும் அதைத் தன் பங்குக்குப் பொருத்திச் சோதித்து அனுப்ப வேண்டும். போன் கம்பெனி 'இந்த மாடலுக்குப் போதும்' என்று முடிவு செய்துவிட்டால் கதை முடிந்தது.

ஐபோனில் இந்தச் சிக்கல் குறைவு. போனும் அதை ஓட்டுகிற ஐஓஎஸ் மென்பொருளும் ஆப்பிள் என்ற ஒரே கம்பெனியுடையவை. நான் போன் வாங்கிய அதே 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்ஆர், ஐஓஎஸ் 12இல் தொடங்கி ஐஓஎஸ் 18 வரை எல்லாப் பதிப்பையும் வாங்கியது. 2025இல் 18க்கு அடுத்ததாக நேராக வந்த ஐஓஎஸ் 26தான் அதற்குக் கிடைக்கவில்லை. "அப்படின்னா ஐபோனே வாங்கிடும்மா" என்றான் பையன். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காசை ஏழு வருடத்துக்கு வகுத்துப் பார்த்தால், இரண்டு வருடத்தில் கைவிடப்படும் போனைத் திரும்பத் திரும்ப வாங்குவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் ஆண்ட்ராய்டிலும் நிலைமை மாறியிருக்கிறது, அது நம் ஊரில் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை. 2023 அக்டோபரில் வந்த தன் பிக்சல் 8 போனுக்கு கூகுள் 7 வருடம் அப்டேட் தருவதாகச் சொன்னது. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் அதே 7 வருடம் என்றது. இவை விலை கூடிய போன்கள்தான். ஆனால் அதே சாம்சங் 2024 கடைசியில் கொண்டுவந்த கேலக்ஸி ஏ16 5ஜி, 20 ஆயிரத்துக்குள் விற்ற போன். அதற்கும் 6 வருடம். ஆக, ஆண்ட்ராய்டா ஐபோனா என்று சண்டை போடுவதற்கு முன்னால் எந்த மாடல், எத்தனை வருடம் என்று பார்க்க வேண்டும். இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். இந்த வருடக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் இரண்டு வருடம் ஏற்கெனவே கரைந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் ஐபோனுக்கும் இதே கணக்குதான்.

நான் ஐபோனுக்குப் போகாததற்குக் காரணம் வாட்ஸ்அப். ஏழு வருட டிசைன் போட்டோ, யாருக்கு எத்தனை ஜோடி என்ன எடையில் போட்டோம் என்ற பேச்சு எல்லாம் அதில் இருக்கிறது. எனக்கு அதுதான் கணக்குப் புத்தகம். ஆண்ட்ராய்டில் அதன் பேக்கப் கூகுள் கணக்கில் இருக்கும்; அதை ஐபோனில் அப்படியே இறக்க முடியாது. 2022இல் 'மூவ் டு ஐஓஎஸ்' ஆப் வழியாக மாற்ற வழி வந்தது. ஆனால் ஐபோன் புதிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க அழித்துப் புதிதாக்க வேண்டும். அவசரப்பட்டு ஐபோனை முதலில் ஆரம்பித்துவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பை நினைத்துக்கொண்டால் மறுபடி அழிக்க வேண்டியதுதான். மாறப் போகிறவர்கள் பழைய போனைக் கடையில் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டிலும் நன்றாகவே வருகிறது. பழைய போனில், கம்பெனி கொடுத்ததை எடுத்துவிட்டு, லினேஜ்ஓஎஸ் என்ற வேறொரு ஆண்ட்ராய்டைப் போட்டுக்கொள்ளலாமே என்று உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்னான். பொழுதுபோக்குக்கு ஒரு போன் என்றால் நானும் செய்திருப்பேன். பல வங்கி ஆப்கள் அப்படி மாற்றிய போனில் ஓட மறுக்கும்; எனக்கு வேண்டியதே அந்த ஆப்தான்.

இன்னொரு காரணம் அப்பா. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பி, மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. தனியாக இருக்கிறார். அவர் போனில் ஏதாவது சிக்கினால் கூப்பிடுவது என்னைத்தான். "ஏம்மா, என்னமோ கேக்குது, சரின்னு அமுக்கட்டுமா?" என்பார். என் கையிலும் அதே மாதிரி போன் இருந்தால்தான் "மேலே வலது பக்கம் மூன்று புள்ளி இருக்கும் பாருங்கப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய்த் தீர்த்துவைக்க எல்லா நாளும் முடியாது. நம் வீட்டில் யார் யாருக்கு உதவ வேண்டியிருக்கிறதோ, அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதும் நாம் எந்தப் பக்கம் போவது என்பதைத் தீர்மானிக்கிறது. வீடு முழுக்க ஐபோன் என்றால் இதே காரணத்துக்காக ஐபோன்தான் வாங்கச் சொல்வேன்.

கடைசியில் 6 வருடக் கணக்கில் இன்னும் பெரும்பகுதி மீதமிருக்கும் ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். கேமரா சுமார்தான், கொலுசின் முத்து தெளிவாகத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மேலே போனபோது அப்பாவின் போனை வாங்கிப் பார்த்தேன். பாதுகாப்பு அப்டேட் 2021 மார்ச். காப்பி விற்ற பணம் வருவது அந்தப் போனில்தான். மிளகு எடுத்து முடியட்டும், வாங்கிக்கலாம் என்கிறார். நான் காத்திருக்கப் போவதில்லை. அடுத்த வாரமே கீழே கூட்டிவந்து, அதே கடைக்குப் போகிறோம்.