அந்தச் சட்டையை முதலில் கழற்றுங்கள்

நாகர்கோவில் ஹோட்டல் ஒன்றுக்குள் நாயோடு போன ஒரு அம்மா, தடுத்த சப்ளையரிடம் சண்டை போட்டு, அதைத் தானே போட்ட வீடியோவைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சொந்தக்காரர் குரூப், ஸ்கூல் குரூப், சர்ச் குரூப் என்று ஒன்று விடாமல் அது வந்து, எல்லாவற்றிலும் "சூப்பர் மேடம், நல்லா கேட்டீங்க" என்று பாராட்டு குவிவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்தம்மா நாயைக் கூட்டிக்கொண்டு வந்ததில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அதற்கு 'சர்வீஸ் டாக்', அதாவது ஊனமுற்றவருக்கு உதவப் பழக்கிய நாய், என்று எழுதிய சிவப்புச் சட்டையை மாட்டிக் கூட்டி வந்ததுதான் பிரச்சினை. பக்கத்து மேஜைக் குழந்தையின் இலைக்கு அது பாய்ந்தது, வீடியோவிலேயே தெரிகிறது. வெளியே கொண்டுபோகச் சொன்ன சப்ளையர் பையனிடம் "டிஸேபிலிட்டி ஆக்ட் தெரியுமா, கேஸ் போடவா?" என்று சத்தம் போடுகிறார். அப்புறம் அவரே கமெண்டில் சொல்கிறார், சட்டை ஆன்லைனில் வாங்கியது, பயிற்சி எல்லாம் கிடையாது, அவன் எங்க வீட்டுப் பிள்ளை என்று. வீட்டுப் பிள்ளையாகவே இருக்கட்டும், யார் வேண்டாம் என்றது? கண் தெரியாதவருக்குத் துணை போகும் நாயின் சட்டை அவனுக்கு எதற்கு?

என்னைத் தெரிந்தவர்களுக்கு அக்காவையும் தெரியும். தக்கலைப் பக்கம் கட்டிக்கொடுத்தோம், இப்போது நியூஜெர்சியில் இருக்கிறார்கள். அத்தானுக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற கண் நோய். முதலில் ராத்திரிப் பார்வை போனது, அப்புறம் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும். அங்கே மோரிஸ்டவுனில் 'தி சீயிங் ஐ' என்று 1929இல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே போய்த் தங்கி, நாயோடு சேர்ந்து நடக்கப் பழகித்தான் ஜூனோவைக் கூட்டி வந்தார். கறுப்பு லாப்ரடார்.

அக்கா பிரசவத்துக்கு நான் போயிருந்தபோது ஒருநாள் காலையில் அத்தான்கூட நடந்தேன். ஒரு வீட்டு வாசலைத் தாண்டும் இடத்தில் ஜூனோ நின்றுவிட்டாள். அத்தான் "ஃபார்வர்ட்" என்றார், அசையவில்லை. மறுபடி சொன்னார். அவள் நகர்ந்து வந்து அவர் முட்டிக்குக் குறுக்கே உடம்பைக் கொடுத்து நின்றுகொண்டாள். அடுத்த நொடி அந்த வீட்டிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கார் சத்தமே இல்லாமல் ரிவர்ஸில் உருண்டு வந்து எங்கள் முன்னால் ரோட்டில் இறங்கியது. இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிற நான் அதைப் பார்க்கவில்லை. ஆபத்து என்றால் எஜமான் சொன்னாலும் கேட்காதே என்று அந்த நாய்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சர்வீஸ் டாக் என்றால் அது.

அந்த ஜூனோவைத்தான் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இதே மாதிரிச் சட்டை போட்ட ஒரு வீட்டு நாய் தள்ளுவண்டியிலிருந்து குதித்துக் கவ்வியது. காயம் பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு எங்கே நாய்ச் சத்தம் கேட்டாலும் ஜூனோ திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அவள் தலையைத் திருப்பினால் அத்தான் கம்பத்தில் போய் மோதுவார். பள்ளியிலிருந்து ஆள் வந்து என்னென்னவோ செய்து பார்த்தார்கள், கடைசியில் அவளுக்கு ஓய்வு கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அடுத்த நாய் கிடைக்கும்வரை அத்தான் மறுபடியும் வெள்ளைக்கோல்தான். அந்த நாய்க்காரர் சொன்னது என்ன தெரியுமா? "அது சும்மா விளையாடுச்சு."

உடனே வருவீர்கள், உனக்கு நாயே பிடிக்காது என்று. எங்கள் வீட்டு முற்றத்தில் நாய் இல்லாத காலமே கிடையாது. தெருநாயே ஹோட்டலுக்குள் வருகிறதே என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை, தெருநாய் யாரையும் கேஸ் போடுவேன் என்று மிரட்டவில்லை.

மன அழுத்தமும் நோய்தானே என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கெட்ட கனவிலிருந்து ஆளை எழுப்பிவிட, பதற்றம் வரும்போது மேலே சாய்ந்து அமைதிப்படுத்தப் பழக்கிய நாய்கள் உண்டு, அவையும் சர்வீஸ் டாக்தான். ஆனால் கூட இருந்தால் மனசுக்கு ஆறுதல் என்பது மட்டும் போதாது என்று அமெரிக்கச் சட்டமே சொல்கிறது. விமானத்தில் ஆறுதல் நாய் என்று சொல்லி எதையெதையோ ஏற்றி, கடித்துக் குதறின புகார்கள் சேர்ந்து, 2021லிருந்து அவற்றைச் செல்லப்பிராணியாகவே நடத்தலாம் என்று அங்கே விதியை மாற்றிவிட்டார்கள்.

"சர்டிஃபிகேட் வச்சிருக்கோம்" என்கிறார் அந்தம்மா. அமெரிக்காவில் அப்படி ஒரு சர்டிஃபிகேட்டே தேவையில்லை. ஊனத்துக்காகத் தேவைப்படும் நாயா, என்ன வேலை பழகியிருக்கிறது, கடைக்காரர் இந்த இரண்டு கேள்விதான் கேட்கலாம். போகிற இடமெல்லாம் தன் நோயை நிரூபிக்கிற கஷ்டம் யாருக்கும் வரக் கூடாது என்று மனிதர்களை நம்பி எழுதிய சட்டம் அது. அங்கேகூட, நிஜமான சர்வீஸ் டாக்கே கட்டுக்கு அடங்காமல் போனால் வெளியே அனுப்பலாம். அப்படியென்றால் நம்ம ஊர் பையன் செய்ததில் என்ன தப்பு?

நம் நாட்டின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் படித்துவிட்டு மிரட்டியிருந்தால் 91ஆம் பிரிவும் கண்ணில் பட்டிருக்கும். ஊனமுற்றவர்களுக்கான சலுகையை ஏமாற்றி வாங்கினால் 2 வருடம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாய்ச் சட்டைக்கு அது பொருந்துமா என்று வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வீடியோவைப் பார்த்த ஹோட்டல்காரர்கள் இனி இங்கே நிஜமாகவே ஒருவர் வழிகாட்டி நாயோடு வந்து நின்றால் என்ன சொல்வார்கள்? "இதெல்லாம் பார்த்தாச்சு, வெளியே போ" என்பார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்தம்மாவுக்காக உரிமை பேசுகிறவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. கண்ணு தெரியாதவனுக்கா பிள்ளையைக் குடுக்கிய என்று அப்பாவிடம் கேட்ட அதே ஆட்கள். போன தடவை அத்தான் வடசேரி பஸ் ஸ்டாண்டில் கோலை நீட்டி மார்த்தாண்டம் பஸ் எது என்று கேட்டு நின்றபோது, தெரிந்த முகங்கள் பேசாமல் விலகிப் போயின. அவர்களும் ஹார்ட் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தேன்.

அந்தப் பையனை "படிக்காத முட்டாள்" என்று திட்டி இன்னும் கமெண்ட் வந்துகொண்டே இருக்கிறது. அவன் குழந்தை இலையைத்தான் காப்பாற்றினான், ஒரு வார்த்தை மரியாதை குறைவாகப் பேசவில்லை. மேடம், உங்கள் நாய்க்கு ஒரு குறையும் வர வேண்டாம், நன்றாக இருக்கட்டும். சட்டையைக் கழற்றுங்கள். வீடியோவை நீக்க மனசில்லை என்றால் அந்தப் பையன் முகத்தையாவது மறைத்துப் போடுங்கள்.