பேட்டியை வைத்தா பயிற்சியாளரை எடைபோடுவது?

ஒரு கால்பந்து அணிக்குப் புதுப் பயிற்சியாளர் வந்து ஒரு ஆட்டம்கூட முடிந்திருக்காது. அதற்குள் அவர் பேட்டியில் திணறிய அரை நிமிடத்தை வெட்டி எடுத்து, "இவர் தேறமாட்டார்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எரிச்சலாக வருகிறது.

ஸ்பெயின்காரப் பயிற்சியாளர் உனாய் எமெரியை மறந்துவிட்டார்களா? இங்கிலாந்தின் ஆர்சனல் அணியில் இருந்தபோது அவர் பேசிய ஆங்கிலத்தை எத்தனை பேர் கேலி செய்தார்கள்! 2019 நவம்பரில் வேலையும் போனது. அதே மனிதர்தான் 2021இல் ஸ்பெயினின் வியாரியால் அணிக்கு யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அப்புறம் இங்கிலாந்தின் ஆஸ்டன் வில்லா அணியை, ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வரை கொண்டுபோனார். அர்ஜென்டினாக்காரப் பயிற்சியாளர் பியெல்சா இங்கிலாந்தின் லீட்ஸ் அணியில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டே பேசினார். 16 ஆண்டுகளுக்குப் பிறகு 2020இல் அந்த அணி இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீகுக்குத் திரும்பியது.

சரி, தோற்ற பிறகு வீரர்கள்மீது பொதுவில் பழி போட்டால் அது பிரச்சினைதான். அணிக்குள் நம்பிக்கை போய்விடும். தடுமாறிப் பேசுவது அப்படியா? பந்து பறிபோனதும் அணி எப்படித் திரும்பி ஓடுகிறது, பின்தங்கியிருக்கும்போது யாரை மாற்றி இறக்குகிறார், இதையெல்லாம் நாலு ஆட்டம் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். கேமரா முன்னால் கூச்சப்படுகிறார் என்பதற்காக ஒருவரை முதல் வாரத்திலேயே விரட்டப் பார்க்காதீர்கள்.