காடோ காடோ, குடெக்: சுத்த சைவம் இல்லை

"இந்தோனேசியா போகும் சைவக்காரர்கள் காடோ காடோ, குடெக், தெம்பே மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், எல்லாம் சுத்த சைவம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிப் போகாதீர்கள், தெம்பேவுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

காடோ காடோவில் மேலே தெரிவது வேகவைத்த காய், டோஃபு, பாதி முட்டை. ஆனால் அதன் உயிரே வேர்க்கடலைச் சாறுதான், அதைக் கல்லில் வைத்து மிளகாய், பூண்டு, பனைவெல்லம், புளியோடு அரைக்கும்போது பல கடைகளில் நகம் அளவு தெராசியும் சேர்ப்பார்கள். தெராசி என்பது இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் விழுது, அரைத்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. மேலே நொறுக்கிப் போடும் அப்பளமும் பெரும்பாலும் இறால் அப்பளம்.

யோக்யகர்த்தாவின் குடெக்கில் பிஞ்சுப் பலாக்காயைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லத்திலும் மணிக்கணக்கில் வேகவிடுவார்கள், அருமையான சாப்பாடு, ஆனால் அதே தட்டில் கோழி, முட்டை, அப்புறம் கிரெசெக் என்று மாட்டுத்தோலில் செய்த காரக் குழம்பும் வரும். இதைச் சொல்லாமல் சைவம் என்று எழுதுவது நியாயமே இல்லை.

தெம்பே சோயாவைப் பூஞ்சையால் புளிக்கவைத்தது, அதுவரை சரி. எந்த எண்ணெயில் பொரித்தது, கூட வரும் சம்பலில் (மிளகாய்த் துவையல்) தெராசி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காடோ காடோவை ஆர்டருக்கு ஆர்டர் அரைக்கும் கடையாகப் பார்த்து, கல்லில் எதுவும் விழுவதற்கு முன்பே "தன்பா தெராசி, தன்பா கெருபுக், தன்பா தெலூர்" என்று சொல்லிவிடுங்கள், விழுதும் அப்பளமும் முட்டையும் இல்லாமல் தருவார்கள்.